'ஹார்பர் வந்துவிட்டது' என்றால் என்ன பொருள்?

படகு அணையும் இடத்தை நம் முன்னோர் துறை என்றனர். வணிகம் செழித்த கடற்கரை ஊர் பட்டினமாயிற்று. நாகப்பட்டினம் அதற்குச் சான்று. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டும் முன்பு கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. மசூலாப் படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன.

கடலே காணாத வல்லக்கோட்டையில் நாம் விற்கும் பாமாயிலும் பர்மா உளுந்தும் கப்பலில் வருபவையே. "ஹார்பர் வந்துவிட்டது" என்று தரகர் முன்பணம் கேட்பார். கப்பல் நங்கூரத்தில் காத்திருக்கிறதா? தளத்தில் கட்டியாயிற்றா? சுங்கம் முடிந்து சரக்கு வெளியே வந்ததா? மூன்றும் வேறு வேறு. இடைப்பட்ட நாளில் விலை இறங்கினால் நட்டம் நமக்கே. சரக்கு தேங்கினால் டெமரேஜ் யார் தலையில் என்ற வழக்கும் வரும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, சரக்கு எந்த இடத்தில் நிற்கிறது, டெமரேஜ் யார் பொறுப்பு என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிய பின்பே பணம் கொடுப்போம்.