நான் போகாத சுற்றுலா

"அம்மா, வர்ற சனிக்கிழமை எங்க வகுப்போட சித்தன்னவாசல் போறோம். இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று காகிதத்தை நீட்டினாள் என் மகள். கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அடுப்பில் சாம்பார் கொதித்துக் கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தேன். "வெயில்ல பாறை ஏறி என்னடி படிப்பு? புத்தகத்துல இல்லாததா அங்கே இருக்கு?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. இதே வார்த்தைகளை இதே குரலில் என் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்!

1990களின் தொடக்கத்தில் நான் விலங்கியல் படித்தேன். எங்கள் வகுப்பு மண்டபம் கடற்கரைக்குக் கிளம்பியபோது, "பெண் பிள்ளை இரண்டு ராத்திரி வெளியூரிலே தங்குவதா?" என்று அப்பா மறுத்துவிட்டார். போய் வந்த தோழியின் நோட்டைப் பார்த்து நான் படம் வரைந்தேன். நட்சத்திர மீனை இன்றுவரை நான் உயிரோடு பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பத்துக்கு எட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்!

கையெழுத்துப் போட்டேன். "துணைக்கு நானும் வரலாமா?" என்று ஆசிரியையிடம் கேட்கச் சொன்னேன். தாராளமாக வரச் சொல்லிவிட்டார்.

கூரையில் ஒரு குளம்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர். தை மாதமாதலால் வெயில் உறைக்கவில்லை. பாறையைக் குடைந்த அறிவர் கோயிலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தோம். மேல் விதானம் முழுவதும் ஒரு தாமரைப் பொய்கை! மொட்டு, மலர்ந்த பூ, இலை, இடையில் மீன்கள், பறவைகள், யானை, எருமை. பூப் பறிக்கும் மனிதர்களும் உண்டு. சமணர் மரபில் வந்த இந்த ஓவியம் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. வண்ணங்களில் பெரும்பாலானவை மண்ணும் கல்லும் தந்தவை. சுண்ணாம்பு வெள்ளை, காவி மண் சிவப்பு, இப்படி.

"இதில் எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணுங்கள்" என்றார் ஆசிரியை. பெண்கள் நோட்டுடன் உட்கார்ந்து விட்டார்கள். ஓவியம் வரைந்தவன் குளக்கரையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்! பார்க்காமல் இப்படி வரைய முடியுமா? எனக்கு என் நட்சத்திர மீன் ஞாபகம் வந்தது.

கயிற்றுச் சதுரம்

இது பாதுகாக்கப்பட்ட இடம். இங்கே ஓர் இலை கூடக் கிள்ளக் கூடாது என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். ஆகவே மலையில் பார்ப்பது மட்டும்தான். ஏழடிப்பட்டம் குகையில் முனிவர்களின் வழவழப்பான கல் படுக்கைகள் 17 இருக்கின்றன. நாவல் மரத்தால் பெயர் பெற்ற நவச்சுனையும் இந்த மலையில்தான் இருக்கிறது.

கீழே இறங்கி, சாலையோரத் தரிசுக்கு வந்ததும் வேலை ஆரம்பம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் கயிற்றால் சதுரம் போட்டார்கள். அதற்குள் இருக்கும் செடிகளை வகைவகையாக எண்ண வேண்டும். 'வெறும் புல்தானே' என்று நான் நினைத்த இடத்தில் 11 வகைகள்! பத்து இடங்களில் இப்படி எண்ணினால், எந்தச் செடி அதிகம், எது அருகி வருகிறது என்று கணக்குச் சொல்லலாமாம். ஆராய்ச்சி என்பது இப்படித்தான் தொடங்குகிறது.

பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்த ஆவாரம்பூவை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! அதற்கு ஐந்து இதழ் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். எருக்கஞ்செடியில் வரிவரியாக ஒரு புழு. "இதுதான் பிறகு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஆகும்மா" என்றாள் மகள். எருக்கம் பாலின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்குமாம்.

செய்தித்தாளுக்குள் செடி

அன்று இரவு என் வீட்டுக் கூடம் ஆய்வுக்கூடமாகிவிட்டது. தரிசில் பறித்த செடிகளைச் செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றினோம். தினமும் தாளை மாற்ற வேண்டும். ஈரம் தங்கினால் பூசணம் பூத்துவிடும். வடாம் காயப் போடுகிற நமக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்! நன்றாகக் காய்ந்ததும் 42 செ.மீ. நீளம், 29 செ.மீ. அகலமுள்ள கெட்டி அட்டையில் தைத்து, பெயர், இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுத வேண்டும். இதில் ஒன்று விட்டுப் போனாலும் அது வெறும் காய்ந்த செடிதான்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் தந்தை கே. எம். மாத்யூ தொடங்கிய ராபினாட் தாவரக் காப்பகத்தில் இப்படித்தான் செடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பிலிருந்துதான் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்கள் பற்றிய பெரிய நூல் தொகுதிகள் 1980களில் வெளிவந்தன.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் தாமரை இலை. பூக்காரம்மா மல்லிகை மடித்துக் கொடுத்த இலையையே மகள் எடுத்துப் போனாள். அநேக செடிகளில் சுவாசத் துளைகள் இலையின் அடிப்புறத்தில்தான் அதிகம். தாமரைக்கோ மேற்புறத்தில். அடிப்புறம் தண்ணீரில் கிடந்தால் எப்படி மூச்சு விடுவது? சித்தன்னவாசல் கூரையில் பார்த்த இலையின் ரகசியம் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது என்று குதித்துக் கொண்டு வந்தாள்.

என் காலத்தில் ஆய்வுக்கூடம் என்றாலே மெழுகுத் தட்டில் தவளைதான். கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துப் படிப்பதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் சொல்லிவிட்டது. அந்தப் பயமும் இனி உங்களுக்கு வேண்டாம்.

நமக்கு முன்னே போனவர்கள்

பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்பவர்களுக்குப் பதில் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையில் தாவரவியல் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். 1984-ல் மறையும் வரை செடிகளை விடவில்லை. இவர்களையும் யாரோ ஒருவர் வாசல் தாண்ட விட்டிருக்கிறார் அல்லவா?

அனுப்பும் முன் கவனியுங்கள்

பயம் நியாயமானதுதான், சகோதரிகளே. அதற்காகத் தடுக்க வேண்டாம். தயார் செய்து அனுப்புங்கள்.

• கூட வரும் ஆசிரியை யார், தங்குமிடம் எது, கழிப்பறை வசதி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

• முழுக்கைப் பருத்தி உடை, காலுறையுடன் ஷூ, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு களைப்பைப் போக்கும்.

• மாதவிலக்கு நாளாக இருந்தாலும் போகலாம். நாப்கினும், சுற்றிப் போடக் காகிதமும் பையில் இருக்கட்டும்.

• தெரியாத காயையோ இலையையோ வாயில் வைக்கக் கூடாது. எருக்கம் பால் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

• பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

போன வாரம் இன்னொரு காகிதம் வந்தது. கொடைக்கானல், இரண்டு ராத்திரி. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"அம்மா, லீவுக்கு உன்னை மண்டபம் கூட்டிட்டுப் போறேன். நட்சத்திர மீன் பார்க்கலாம்" என்றாள் மகள்.

மீதி இரண்டு மார்க்கை வாங்கிவிட வேண்டியதுதான்!