நமது கடை வாசலும் சுழியோடிகளின் கத்தியும்

மலைக்குள் இருக்கும் லக்கலயில் கடை வைத்திருப்பவனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் கடைகளில் விற்கும் கருவாடும் நெத்தலியும் திருகோணமலைப் பக்கமிருந்தும் வருகின்றன. எங்கள் கடைகளிலிருந்து வெளியேறும் பொலித்தீன் பைகளோ மழை வெள்ளத்தோடு களுகங்கையில் இறங்குகின்றன. களுகங்கை அம்பன்கங்கையில் சேர்கிறது, அம்பன்கங்கை மகாவலியில் சேர்கிறது, மகாவலி மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியார் குடாவில் கலக்கிறது. அணைக்கட்டுகளில் தங்காத குப்பைக்குக் கடைசி இடம் கடல்தான். கொடுக்கல் வாங்கல் இரண்டும் கடலோடு இருக்கும்போது, அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருப்பது வியாபாரிக்கு அழகல்ல.

கடலுக்கு அடியில் நடப்பதைக் கண்ணால் பார்ப்பவர்கள் சுழியோடிகள். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவதை ஸ்கூபா என்கிறார்கள். சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றுதான், அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். முதற்கட்டப் பயிற்சி முடித்தவர் 18 மீற்றர் ஆழம் வரை போகலாம். ஹிக்கடுவை, கல்பிட்டி, நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா போன்ற இடங்களில் இதைத் தொழிலாகச் செய்யும் நிலையங்கள் உள்ளன.

இவர்கள் வெள்ளைக்காரருக்கு மீன் காட்டிப் பணம் வாங்குவதோடு நின்றுவிடுவதில்லை. முருகைக்கல்லில் சிக்கி அறுந்துபோன நைலோன் வலை உக்காது. யாருக்கும் பயனில்லாமல் அது மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சிக்கிய மீன் செத்து அழுகும், அதைத் தின்ன வரும் மீனும் சிக்கும். சுழியோடிகள் கத்தியோடு இறங்கி, முருகைக்கல் உடையாமல் அந்த வலையைத் துண்டு துண்டாக வெட்டி மேலே கொண்டுவருகிறார்கள். முருகையைத் தின்று அழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீன் பெருகினால், அதன் விஷ முள் குத்தாமல் கம்பியால் எடுத்து அகற்றுகிறார்கள். படகுகள் நங்கூரம் போட்டு முருகையை உடைக்காமல் இருக்க மிதவை கட்டும் ஏற்பாடும் உண்டு. போத்தல், பை, தங்கூசி என்று அள்ளிக்கொண்டு கரையேறுவது வழமையான வேலை. 2018இல் ஆரம்பிக்கப்பட்ட பேர்ள் புரொடெக்டர்ஸ் போன்ற தொண்டர் அமைப்புகளும் கடலுக்காக உழைக்கின்றன. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியபோது அந்த அமைப்பின் இளைஞர்கள் அவற்றை அரித்து அள்ளினார்கள்.

இவ்வளவு பாடு ஏன்? வியாபார பாஷையில் சொல்வதானால் முருகைக்கல் முதல், மீன் இலாபம். உலகக் கடலடியில் ஒரு வீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் முருகைப் பாறைகள் உள்ளன. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவற்றை நம்பி வாழ்கின்றன. பாறைபோல் திரளும் முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். ஒரு மீற்றர் கல்லை உடைத்தால் நூறு வருட முதல் போய்விட்டது என்று அர்த்தம்.

முதலைத் தின்றால் என்ன நடக்கும் என்பதைத் தென்கரை கண்டது. சுண்ணாம்புச் சூளைக்காக அங்கே பல காலம் முருகைக்கல் தோண்டினார்கள். 1988 திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் அதைத் தடைசெய்தது. ஆனாலும் களவாகத் தொடர்ந்தது. 2004 சுனாமியின்போது, பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் தண்ணீர் 50 மீற்றர் அளவே உள்ளே வந்தது. சில கிலோமீற்றர் வடக்கே, முருகைக்கல் தோண்டப்பட்டிருந்த பெரலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை புகுந்தது என 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ரயிலோடு மக்கள் அழிந்த இடம் அதுதான். சூளைக்காரர் சிலரின் இலாபத்துக்கு ஊரே விலை கொடுத்தது.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை, கல்பிட்டி முருகைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான் மே முதல் செப்டெம்பர் வரை ஆட்கள் வருகிறார்கள். படகுக்காரர், முச்சக்கரவண்டிக்காரர், சாப்பாட்டுக்கடை, பழக்கடை என்று பல குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. முருகை செத்தால் சுழியோடி வேறு ஊர் போய்விடுவார். கடைக்காரர் எங்கே போவது?

நம்மால் ஆவது என்ன? 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது என்பது சட்டம். இதைத் தொந்தரவாகப் பார்க்காமல் சந்தர்ப்பமாக எடுப்போம். நாளைக்கு நூறு பை கொடுக்கும் கடை வருடத்தில் 36,500 பை கொடுக்கிறது. அதில் பாதி குறைந்தாலும் ஆற்றுக்கும் நல்லது, கல்லாவுக்கும் நல்லது. கருவாட்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கலாம். துணிப்பையோடு வரும் வாடிக்கையாளரை இன்முகத்தோடு கவனிக்கலாம். கரையோரத்தில் ஹோட்டல் நடத்தும் சகோதரர்கள் சினையுள்ள சிங்க இறாலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். முருகைக்கல்லை அலங்காரப் பொருளாக விற்கும் வேலையும் வேண்டாம். வலை விற்பவர்கள் பழைய வலையைத் திருப்பி எடுக்கும் வழியொன்றை ஏற்படுத்தினால், கடலில் வீசப்படுவது கொஞ்சமாவது குறையும்.

தரையிலும் கடலிலும் மனிதக் கைகள் செய்யும் சீர்கேட்டைப் பற்றிப் பேசும் சூரா ரூமின் 41ஆம் வசனம் நமக்குத் தெரியாததல்ல. கடல் அல்லாஹ் தந்த அமானிதம். நாம் எறிந்ததை யாரோ ஒரு சுழியோடி உயிரைப் பணயம் வைத்து அள்ளுகிறார். அவர் சுமையில் ஒரு பையையாவது குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.