எல்விஸ் வாழ்ந்த 328-ஆம் எண் வீடு

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலானோர் தவறாமல் பார்ப்பது கிரேஸ்லேண்ட் மாளிகையை. ராக் அண்ட் ரோல் இசையின் மன்னர் என்று உலகம் கொண்டாடிய எல்விஸ் பிரெஸ்லி 20 ஆண்டுகள் வாழ்ந்து, 1977 ஆகஸ்ட் 16 அன்று இறந்துபோன வீடு அது. அதே நகரத்தின் மையத்தையொட்டிச் செங்கல்லால் கட்டிய பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. ஏழைகளுக்காக அரசு கட்டிய குடியிருப்பு. அதன் தரைத்தளத்தில் 328-ஆம் எண் வீட்டில் மாதம் 35 டாலர் வாடகைக்கு எல்விஸின் குடும்பம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. எல்விஸ் என்ற பாடகர் உருவானதில் மாளிகையைவிட இந்த வாடகை வீட்டுக்குத்தான் பங்கு அதிகம்.

எல்விஸ் பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தின் டூபெலோ ஊரில், 1935 ஜனவரி 8 அன்று. பிறந்த வீடு, அப்பா வெர்னன் தன் முதலாளி ஆர்வில் பீன் என்பவரிடம் 180 டாலர் கடன் வாங்கி, தன் தந்தையையும் சகோதரரையும் கூட வைத்துக்கொண்டு தானே கட்டிய மர வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, அவ்வளவுதான். கழிப்பறை வெளியே. இரவில் எண்ணெய் விளக்கு. இரட்டைக் குழந்தைகளில் முதலாவது இறந்தே பிறந்தது. இரண்டாவதாகப் பிறந்து பிழைத்தவர் எல்விஸ். மறு ஆண்டு ஏப்ரலில் டூபெலோவைச் சூறாவளி தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் சின்ன மர வீடு தப்பியது.

சூறாவளிக்குத் தப்பிய வீடு கடனுக்குத் தப்பவில்லை. வெர்னன் அந்த முதலாளிக்கே ஒரு பன்றியை விற்றிருந்தார். விலையாகக் கொடுத்த காசோலையில் தொகை போதாது என்று நினைத்து, அதைத் திருத்தி எழுதினார். 1938-இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பார்ச்மன் சிறைப் பண்ணைக்குப் போனார் வெர்னன். சில மாதங்களில் விடுதலையானார் என்றாலும் அதற்குள் வீடு கைவிட்டுப் போய்விட்டது. மூன்று வயதுப் பையனோடு தாய் கிளாடிஸ் உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு டூபெலோவில் அந்தக் குடும்பம் எத்தனையோ வீடு மாறியது. நடுவில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கி அதையும் தக்கவைக்க முடியாமல் விட்டார்கள். கடைசியாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது, தெருவிலும் தேவாலயத்திலும் ஒலித்த கறுப்பின இசை பையனின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பதினோராவது பிறந்தநாளையொட்டி அவனுக்கு ஒரு கிட்டாரும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். டூபெலோவின் கடைவீதியில் அந்தக் கிட்டாரை விற்ற ஹார்டுவேர் கடை இன்றும் இருக்கிறது.

1948 நவம்பரில் பிழைப்புத் தேடி மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த நகரத்தில் முதல் ஓராண்டுதான் கொடுமை. பெரிய பழைய வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். பாப்லர் அவென்யூவில் பிரெஸ்லி குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு அறை. சமைப்பது, சாப்பிடுவது, படுப்பது, பையன் பாடம் படிப்பது எல்லாம் அதற்குள்தான். சிறிய மின்சார அடுப்பில் சமையல். குளியலறை, கழிப்பறை இரண்டும் மற்றக் குடித்தனக்காரர்களோடு பொது.

வெர்னன் பெயிண்ட் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததும், அரசுக் குடியிருப்பில் வீடு கேட்டு விண்ணப்பித்தார். 1949 ஜூனில் வீட்டு வசதி ஆணையத்தின் பெண் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்தார். ஒரே அறையில் மூன்று பேர் வாழ்வதையும், பொதுக் குளியலறையையும் குறித்துக்கொண்டு, இந்தக் குடும்பத்துக்கு வீடு தேவை என்று அறிக்கை கொடுத்தார். தாயும் மகனும் நல்ல மாதிரி என்றும் எழுதியிருந்தார். உலக இசை வரலாற்றில் ஒரு அரசு அலுவலரின் ஆய்வறிக்கைக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை என்றே சொல்லலாம். செப்டம்பரில் சாவி கிடைத்தது.

அந்தக் குடியிருப்பின் பெயர் லாடர்டேல் கோர்ட்ஸ். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில், பொருளாதாரப் பெருவீழ்ச்சிக்கு நடுவே, குடிசைப் பகுதியை அப்புறப்படுத்திவிட்டு 1938-இல் கட்டி முடித்தார்கள். அமெரிக்காவின் முதல் தலைமுறைப் பொதுக் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. இரண்டு, மூன்று மாடிகள் கொண்ட செங்கல் கட்டடங்கள், நடுவே மரங்களும் புல்வெளியும் நடைபாதைகளும், நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும்.

328-ஆம் எண் வீட்டில் ஒரு கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள். பதினான்கு வயதில் எல்விஸுக்கு முதன்முதலாகத் தனக்கென்று ஒரு அறை கிடைத்தது. குடும்பத்துக்கென்று தனிக் குளியலறையும் கிடைத்தது. பாப்லர் அவென்யூவின் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகையும் ஏறத்தாழ இதே அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அரசு தலையிட்டதால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மாற்றம் வந்தது என்பது விளங்கும். சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் அவ்வப்போது வருவார்கள். கிளாடிஸுக்கு அதில் கவலையே இருந்ததில்லை.

இருந்த இடமும் தோதான இடம். பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். கறுப்பின இசையின் கடைவீதியாக இருந்த பீல் தெருவும் நடந்து போகிற தொலைவில்தான். இரவு முழுக்கக் காஸ்பல் பாடல்கள் ஒலிக்கும் எல்லிஸ் அரங்கமும் பக்கம். குடியிருப்புக்குள்ளேயே பாட்டுக்காரப் பையன்கள் பலர் இருந்தார்கள். மாலையில் மரத்தடியில் கூடி வாசிப்பார்கள். எல்விஸ் கூச்ச சுபாவி. பெரிய பையன்கள் வாசிக்கும்போது ஓரமாக நின்று, தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்வான். கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று இருந்தது. அங்கேதான் கிட்டார் பழகினான். லீ டென்சன் என்ற பையன் விரல் வைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தான். பின்னாளில் எல்விஸின் முதல் இசைக்குழுவில் பாஸ் வாசித்த பில் பிளாக்கின் தாயும் இதே குடியிருப்பில்தான் இருந்தார்.

அடிக்கடி வீடு மாறிய பையனுக்கு மூன்று ஆண்டுகள் ஒரே முகவரி, ஒரே பள்ளி, ஒரே கூட்டாளிகள். திறமை பிறவியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பழகிப் பார்க்க ஒரு அடித்தள அறையும், கேட்டுத் திருத்த நாலு பேரும் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது லாடர்டேல் கோர்ட்ஸ்.

இங்கே மறைக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. லாடர்டேல் கோர்ட்ஸ் வெள்ளையருக்கு மட்டுமே. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம். கறுப்பினக் குடும்பங்களுக்கு டிக்ஸி ஹோம்ஸ் என்ற வேறொரு குடியிருப்பைத் தனியாகக் கட்டியிருந்தார்கள். எந்த மக்களின் பாட்டைக் கேட்டு எல்விஸ் வளர்ந்தாரோ, அந்த மக்களின் பிள்ளை ஒருவனுக்கு 328-ஆம் எண் வீட்டின் சாவி கிடைத்திருக்காது. எல்விஸின் கதையைச் சொல்லும் எவரும் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வருமானம் உயர்ந்ததுதான் அந்த வீட்டை இழக்கவும் காரணமாயிற்று. ஆண்டு வருமானம் 3,000 டாலரைத் தாண்டினால் அங்கே குடியிருக்க முடியாது என்பது விதி. கிளாடிஸும் மருத்துவமனை வேலைக்குப் போகத் தொடங்கியதும் குடும்ப வருமானம் வரம்பைக் கடந்துவிட்டது. 1952 இறுதியில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. 1953 ஜனவரியில், எல்விஸுக்குப் பதினெட்டு வயது நிறையும் நேரத்தில், சாமான்களைக் கட்டினார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில், லாடர்டேல் கோர்ட்ஸுக்கு அருகிலேயே அலபாமா அவென்யூவில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்தார்கள். மாடியில் ஒரு யூத மதகுருவின் குடும்பம். சனிக்கிழமை ஓய்வுநாளில் விளக்கைப் போடுவதும் அடுப்பை ஏற்றுவதும் யூத மத வழக்கப்படி கூடாது. அந்த வேலைகளைக் கீழ்வீட்டுப் பையன் எல்விஸ் மாடியேறிப் போய்ச் செய்து கொடுப்பார். இசைத்தட்டு கேட்பதற்கான கருவியை மாடிவீட்டிலிருந்து இரவல் வாங்கி வருவதும் உண்டு.

இந்த வீட்டில் இருந்தபோதுதான் எல்லாம் நடந்தது. 1953 கோடையில் கைக்காசு நாலு டாலர் கொடுத்து, சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் குரலைப் பதிவு செய்தார். 1954 ஜூலை 5 அன்று அதே கூடத்தில் முதல் வணிக இசைத்தட்டுக்குப் பாடினார். சில நாட்களில் மெம்ஃபிஸ் வானொலி அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. அறிவிப்பாளர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது பாடகர் வீட்டில் இல்லை. பதற்றத்தில் சினிமாவுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் தியேட்டருக்குப் போய் இருட்டில் தேடி அழைத்து வந்தார்கள். அந்த அலபாமா அவென்யூ வீடு இன்று இல்லை. இடித்துவிட்டார்கள்.

1956-இல் ஆடுபான் டிரைவ் என்ற வசதியான பகுதியில் எல்விஸ் தன் பாட்டு வருமானத்தில் முதல் சொந்த வீட்டை வாங்கினார். பெற்றோருக்காக வாங்கிய, ஒரே தளம் கொண்ட வீடு. அங்கே நீச்சல் குளம் கட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஆல்ஃபிரட் வெர்ட்ஹைமர் எடுத்த புகைப்படங்கள் புகழ்பெற்றவை. புதுக் குளத்தில் தோட்டக் குழாயால் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தை அவற்றில் பார்க்கலாம். ஆனால் அந்த வீடும் ஓராண்டுதான். ரசிகர் கூட்டம் தெருவை அடைத்தது. வீட்டின் புல்லைக்கூட ஞாபகார்த்தமாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள்.

அதனால்தான் கிரேஸ்லேண்ட். 1957 மார்ச்சில், 22 வயதில், 1,02,500 டாலருக்கு அதை வாங்கினார் எல்விஸ். சுமார் 14 ஏக்கர் நிலம். 1939-இல் ஒரு மருத்துவர் குடும்பம் கட்டிய மாளிகை. கிரேஸ்லேண்ட் என்ற பெயரும் எல்விஸ் வைத்ததல்ல, நிலத்தின் முன்னாள் உரிமையாளரான கிரேஸ் என்ற பெண்மணியின் பெயர். எல்விஸ் சேர்த்தது, இசைக் குறிகள் பொறித்த இரும்பு கேட்டும் சுற்றுச்சுவரும். தாய் கிளாடிஸ் மாளிகைத் தோட்டத்தில் கோழி வளர்த்தார். ஆனால் 1958 ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டார். மகனின் மாளிகையில் அவர் வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

பிறகு வந்த வீடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ராணுவ சேவையின்போது ஜெர்மனியின் பாட் நௌஹைம் ஊரில் கோதே தெருவில் ஒரு வாடகை வீடு. வருங்கால மனைவி பிரிசில்லாவை முதன்முதலில் சந்தித்தது அங்கே. படங்களில் நடித்த காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் சில வீடுகள். அவற்றில் பெல் ஏர் பகுதி வீட்டுக்குத்தான் 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவினர் வந்து சந்தித்தார்கள். எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வந்தது கிரேஸ்லேண்டுக்கே. பாட்டியும் அத்தையும் அங்கேதான் இருந்தார்கள். தரையிலும் கூரையிலும் பச்சைக் கம்பளம் விரித்த அறையில் 1976-இல் பாடல்களையும் பதிவு செய்தார்.

எல்விஸ் இறந்தபின், பராமரிப்புச் செலவைச் சமாளிக்கவே 1982 ஜூனில் மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார் பிரிசில்லா. அத்தை டெல்டா 1993-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அதுவரை சமையலறைக்குள் பார்வையாளர்களை விடவில்லை. மேல்மாடியை இன்றும் திறப்பதில்லை. 2006-இல் அமெரிக்க அரசு அந்த மாளிகையைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2024-இல் போலிப் பத்திரங்களை வைத்து அதை ஏலம் விட ஒரு மோசடி முயற்சி நடந்தபோது, நீதிமன்றம் தடுத்துவிட்டது.

மற்ற வீடுகளுக்கு இவ்வளவு பாதுகாவலர்கள் கிடைக்கவில்லை. பிறந்த வீடு தப்பியதற்கு எல்விஸே காரணம். 1957-இல் டூபெலோவில் ஒரு நிதிதிரட்டும் கச்சேரி நடத்தி, அந்த வருமானத்தைக் கொடுத்து, அந்த வீடும் சுற்றியுள்ள நிலமும் ஊர்ப் பிள்ளைகளுக்கான பூங்காவாக வழி செய்தார். லாடர்டேல் கோர்ட்ஸை 1990-களில் இடித்துத் தள்ளப் பார்த்தார்கள். ரசிகர்களும் பழைய கட்டடங்களைக் காக்க விரும்பியவர்களும் குரல் கொடுத்ததால் அது பிழைத்தது. அப்டவுன் ஸ்கொயர் என்ற பெயரில் புதுப்பித்தார்கள். 328-ஆம் எண் வீட்டை மட்டும் 1950-களில் இருந்ததுபோலவே அமைத்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த டிக்ஸி ஹோம்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது இடிக்கப்பட்டுவிட்டது.

மெம்ஃபிஸ் போகும் வாய்ப்புள்ளவர்கள் கிரேஸ்லேண்டைப் பாருங்கள். ஆனால் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்து, வின்செஸ்டர் அவென்யூவில் இருக்கும் இந்தச் செங்கல் கட்டடங்களையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். இப்போதும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் பார்க்க வேண்டும்.