கோடை பண்பலை 100.5: மலை உச்சியில் ஒரு குரல், மாசத்துக்கு 6 டூட்டி!

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், வத்தலக்குண்டு டீக்கடை, தேனி பக்கம் ஓடும் மினி பஸ்... இந்த மூணு இடத்துலயும் ஒரே நேரத்துல ஒரே பாட்டு கேட்டா ஆச்சரியப்படாதீங்க. மூணும் 100.5-ல் இருக்கும். அதாவது, அகில இந்திய வானொலியின் கோடைக்கானல் நிலையம். மக்கள் வாயில் 'கோடை பண்பலை'.

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் கையிலேயே இருக்கிற காலத்துலயும், யாரோ ஒருத்தர் தேர்ந்தெடுக்கும் பாட்டுக்காக இத்தனை பேர் ஏன் காத்திருக்காங்க? அந்த 'யாரோ ஒருத்தர்' யார்?

ஒரு நிலையம் இத்தனை மாவட்டத்துக்கு எப்படிக் கேட்குது?

எஃப்.எம். அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்தால், அதைத் தாண்டிச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் கோபுரம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமவெளி நகரத்தில் 100 மீட்டர் கோபுரம் வைத்தால், ரேடியோ அலைக்கான அடிவான தூரம் சுமார் 40 கி.மீ. கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரைச் சமவெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 2,000 மீட்டர் வித்தியாசம். அந்த உயரத்துக்கு அடிவான தூரம் சுமார் 180 கி.மீ. சிம்பிளா சொன்னா, பழனி மலைத் தொடரே இங்கே கோபுரம். நடுவில் இன்னொரு மலை மறைத்தால் மட்டும் கரகரப்புதான்.

தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு நகரவாரியாகத்தான் உரிமம். மதுரைக்கு வாங்கினால் மதுரைக்கு மட்டும். அதனால்தான் திண்டுக்கல், தேனி, கரூர், திருச்சி என்று பரவியிருக்கும் கிராமங்களுக்குக் கோடை பண்பலை இவ்வளவு நெருக்கமாகிவிட்டது.

ஆனால் சிக்னல் எட்டினால் மட்டும் போதுமா? கேட்பவரை உட்கார வைக்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலுக்கு எவ்வளவு பவர் இருக்கு என்பதற்கு, அமெரிக்காவில் ஒரு பழைய கதை இருக்கிறது.

பாட்டு போட்டவரைப் பார்க்க 20 ஆயிரம் பேர்!

புளூஸ் என்பது அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகள் மத்தியில் பிறந்த இசை. நம்ம ஊர் தெம்மாங்கு மாதிரி, வேலையும் வேதனையும் சேர்ந்த பாட்டு. கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்றே அங்கே தனியாகப் பிரித்து விற்றார்கள். 1949-ல்தான் பில்போர்டு இதழ் அந்தப் பட்டியலின் பெயரை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது.

இந்தப் பாடல்களை 1951 முதல் கிளீவ்லாந்து நகர வானொலியில் இரவு நேரத்தில் ஒலிபரப்பியவர் ஆலன் ஃப்ரீட். இவர் வெள்ளையர். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டை வெள்ளையின இளைஞர்களும் விரும்பிக் கேட்கத் தொடங்கினார்கள். 1952 மார்ச் 21-ல் அவரே ஒரு இசை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். சுமார் 10 ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கம். திரண்டதோ ஏறக்குறைய 20 ஆயிரம் பேர். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. உலகின் முதல் ராக் கான்சர்ட் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

அடுத்து நியூயார்க், பெரிய புகழ். பிறகு சரிவு. குறிப்பிட்ட பாட்டைப் போடுவதற்காக இசைத்தட்டு கம்பெனிகளிடம் காசு வாங்கிய 'பேயோலா' விவகாரத்தில் 1959-ல் வேலை போனது. 1962-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1965-ல் இறந்தபோது அவருக்கு வயது 43.

நமக்கும் ஒரு கதை இருக்கு

அதே 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார் பி.வி.கேஸ்கர். சினிமா பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமா பாட்டு சுருங்கியது. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-ல் 'விவித் பாரதி' தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது... முகம் தெரியாத இந்தக் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர்கள் ஆனது இப்படித்தான். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கும் வந்து ஹிட்டடித்தது.

சரி, இன்று மைக் முன்னால் இருப்பவர் நிலை?

இங்கேதான் விஷயமே இருக்கு. நாடு முழுக்க அகில இந்திய வானொலியில் அறிவிப்பாளர்களாகப் பேசும் பலர் நிரந்தர ஊழியர்கள் அல்ல. தேவைக்கு அழைக்கப்படும் தற்காலிக அறிவிப்பாளர்கள். ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 6 டூட்டிதான் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் நடைமுறை. டூட்டி கணக்கில்தான் காசு. குரல் தேர்வு, பயிற்சி எல்லாம் தாண்டி வந்தவர்கள், வருஷக்கணக்கில் பேசிய பிறகும் பணி நிரந்தரம் கேட்டு நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள்.

அதாவது, பல மாவட்டங்களுக்குத் தெரிந்த குரலாக ஒருவர் இருக்கலாம். ஆனால், மாதத்தின் மிச்ச நாட்களுக்கு அவர் வேறு வேலை பார்த்தாக வேண்டும்.

இதில் கேட்பவருக்கும் இழப்பு உண்டு. வேறு ஊரில் தயாரான நிகழ்ச்சியை அப்படியே அஞ்சல் செய்யவும் இதே மலைக் கோபுரத்தால் முடியும். சிக்னல் அப்போதும் தேனிக்குப் போகும். ஆனால், கொடைரோட்டுக்கும் பெரியகுளத்துக்கும் வழி தெரிந்த ஒருத்தர், யாரும் புரமோஷன் காசு தராத ஒரு பழைய பாட்டை, இந்த மழை நாளுக்கு இதுதான் பொருத்தம் என்று தேர்ந்தெடுத்துப் போடுவது நின்றுவிடும்.

அடுத்த முறை 100.5 கேட்கும்போது, பாட்டு முடிந்ததும் உடனே ஸ்டேஷனை மாற்றிடாதீங்க. அறிவிப்பாளர் தன் பெயரைச் சொன்னா, அதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.