லேபிளுக்கும் தண்ணீருக்கும் ஒரே ஊதா ஒளி

கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலைச் சுற்றியிருக்கும் லேபிள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் படலம். எந்த மையும் இதில் லேசில் ஒட்டாது. ஆனாலும் எழுத்துகள் அழியாமல் நிற்கின்றன. பல பாட்டில்களில் அந்த எழுத்துகளுக்கு நடுவே, தண்ணீர் ஓசோன் ஏற்றிச் சுத்திகரிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும். மை ஒட்டியதற்கும் கிருமி செத்ததற்கும் காரணம் ஒன்றுதான்: பிளாஸ்மா.

வாயுவுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வரும். எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த இந்த வாயுவுக்கு 1928-இல் பிளாஸ்மா என்று பெயர் சூட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். மின்னலும் பிளாஸ்மாதான். ஆனால் அது பட்ட இடம் கருகிவிடும். தொழிற்சாலைக்கு வேண்டியது சுடாத பிளாஸ்மா.

அதற்கான வழியை ஜெர்மனியின் வெர்னர் வான் சீமென்ஸ் 1857-லேயே கண்டுவிட்டார். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே காற்று இடைவெளியோடு ஒரு கண்ணாடிச் சுவரையும் வைத்தார். மின்பொறி கிளம்பியதும் மின்னூட்டம் கண்ணாடிமேல் தேங்குகிறது. தேங்கிய மின்னூட்டமே பொறியை அடுத்த கணத்தில் அணைத்துவிடுகிறது. மாறுமின்னோட்டம் திசை மாறும்போது மறுபடி பொறி, மறுபடி அணைப்பு. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஓர் ஊதா மினுக்கம்தான். உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனால் நைட்ரஜன் மூலக்கூறு எலக்ட்ரானைவிட ஏறக்குறைய 50,000 மடங்கு கனமானது. கடுகை எறிந்து பாறையை அசைக்க முடியாதல்லவா? எத்தனை முறை மோதினாலும் காற்று பெரிதாகச் சூடேறுவதில்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்வது அந்தக் கண்ணாடிச் சுவர்தான். அது இல்லையென்றால் மிஞ்சுவது வெல்டிங் தீப்பொறி.

பிளாஸ்டிக் படலத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் வெர்னர் ஐஸ்பி, ஆண்டு 1951. அச்சகங்களில் இதைக் கொரோனா ட்ரீட்மென்ட் என்பார்கள். உருளைமேல் படலம் வேகமாக ஓடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் மின்முனை. பிளாஸ்மாவில் பிறக்கும் ஆக்சிஜன் அணுக்கள் படலத்தின் மேல்தோலோடு பிணைந்துகொள்ள, ஈரத்தை ஏற்காத பரப்பு ஏற்கத் தொடங்குகிறது. மாற்றம் சில நானோமீட்டர் ஆழம்தான். படலத்தின் உறுதியோ தெளிவோ குறைவதில்லை.

போதுமான அளவு ஆகியிருக்கிறதா என்று பார்க்க டைன் பேனா உண்டு. 38 என்று எண்ணிட்ட பேனாவால் படலத்தில் ஒரு கோடு இழுக்கிறார்கள். இரண்டு நொடி கோடு கோடாகவே நின்றால் அச்சுக்கு ஏற்றலாம். திட்டுத்திட்டாகச் சுருங்கினால் மை உரியும். ட்ரீட்மென்ட் செய்யாத பாலிப்ரொப்பிலீன் 30-ஐ ஒட்டித்தான் நிற்கும். இந்தப் பலன் நிரந்தரமும் அல்ல. பிளாஸ்டிக்கில் கலந்த வழுக்குப் பொருள்கள் நாளடைவில் மேலே கசிந்து வர, அளவு இறங்கிவிடும். அதனால் பழைய ரோலை அச்சிடும் முன் மறுபடி சோதிக்காமல் விடக்கூடாது.

பிளாஸ்டிக்கோடு இது நிற்கவில்லை. காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அங்கோரா முயலின் ரோமத்தை இப்படிப் பதப்படுத்தியிருக்கிறது. வழவழவென்று நழுவும் அந்த ரோமம் கொஞ்சம் சொரசொரப்பானால் நூற்கப் பிடி கிடைக்கிறது.

கொரோனா இயந்திரத்தின் அருகே ஒரு நெடி வரும். அதுதான் ஓசோன். மூச்சுக்குக் கேடு என்பதால் அச்சகத்தில் அதைக் குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ அதுதான் சரக்கு. ஆக்சிஜன் மூலக்கூறு உடைந்து, தனித்த அணு இன்னொரு மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீருக்கு இதைப் பயன்படுத்தியது. கிருமியின் செல் சுவரையே ஓசோன் ஆக்சிஜனேற்றிக் கிழிக்கிறது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம்கூட இதற்கு அடங்கும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை நோயில் தள்ளிய ஒட்டுண்ணி அது. அதன் பிறகு அந்த நகரமும் ஓசோனுக்கு மாறியது.

ஓசோன் சீக்கிரம் சிதைந்து ஆக்சிஜனாகிவிடும். மூடிய பாட்டிலில் அது நல்லது: தண்ணீரோடு பாட்டிலின் உட்புறத்தையும் சுத்தம் செய்துவிட்டு மறைகிறது. ஆனால் நகரக் குழாய்களில் காவல் இல்லாமல் போகும். எனவே அங்கே கடைசியில் கொஞ்சம் குளோரினும் வேண்டும். தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் புரோமேட்டுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஓசோன் அளவைக் கண்மண் தெரியாமல் கூட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

இப்போதைய ஆராய்ச்சி, பிளாஸ்மாவை நேரே தண்ணீரின்மேல் மூட்டுவது. அப்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். ஓசோனைவிட மூர்க்கமானது, ஆனால் ஆயுள் நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறந்த இடத்திலேயே வேலை முடிந்தாக வேண்டும். ஓசோனால் அசைக்க முடியாத ஃபுளோரின் மாசுகளைக்கூட இம்முறையில் உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். இடிப்பது மின்கட்டணம். ஊருக்கே குடிநீர் தருவதற்கு ஓசோனே கட்டுப்படியாகும். நேரடிப் பிளாஸ்மாவை, வேறெதற்கும் மசியாத ஆலைக் கழிவிலிருந்து தொடங்குவதுதான் முறை.