சாத்தே யார் சொத்து?

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் தேதி. அதற்கு முதல் நாள்தான் ஜாகர்த்தாவில் இந்தோனேசியாவின் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டிருந்தது. அன்று கூடிய சுதந்திர ஆயத்தக் குழு சுகர்ணோவை அக்குடியரசின் முதல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், காலில் செருப்பும் இல்லாத ஒரு சாத்தே வியாபாரியை ஜனாதிபதி கண்டார். கோழி சாத்தே ஐம்பது குச்சி வேண்டும் என்று கேட்டார். சாக்கடைக்கும் குப்பைக்கும் அருகே தெருவோரத்தில் குந்தியிருந்து, அதையே தமது பதவியேற்பு விருந்தாக உண்டார். ஜனாதிபதி என்ற முறையில் தாம் பிறப்பித்த முதல் உத்தரவு அதுதான் என்று, 1965-இல் வெளியான தமது சுயசரிதையில் அவரே கூறியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியை நாம் வேடிக்கைக்காக நினைவூட்டவில்லை. அந்தத் தெருவில் அன்று இருவர் இருந்தனர். ஒருவர் பெயரை உலகம் அறியும். மற்றவரை யார் அறிவார்? ஆயினும், அவர் விற்ற பண்டத்தின் பெயரால் பிற்காலத்தில் தேசங்கள் உரிமை பேசலாயின. 2018-இல் இந்தோனேசியச் சுற்றுலா அமைச்சகம் ஐந்து உணவுகளைத் தேசிய உணவுகளாக அறிவித்தபோது, அவற்றுள் சாத்தேயும் ஒன்றாக இருந்தது. மலேசியரும் சிங்கப்பூரரும் அதனைத் தங்கள் உணவாகவே கருதுகின்றனர். நம்மவரிலும் சிலர், பெயரைக் காட்டி, அதன் வேர் தமிழிலே இருக்கிறது என்று பெருமை கொள்கின்றனர். ஆகவே, சாத்தே யார் சொத்து என்ற வழக்கை நிதானமாக விசாரிப்பது பயனற்ற காரியமாகாது. நமது வாசகர்களில் புலால் மறுத்தவர் பலர் என்பதை அறிவோம். அவர்களும் இந்த வழக்கைக் கேட்கலாம். ஏனெனில் இதில் விசாரணைக்கு வருவது நாவின் ருசி மட்டுமன்று, தேசாபிமானத்தின் தன்மையும் ஆகும்.

முதலில் வழக்குச் சொத்தின் விவரம். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கோழி ஆகியவற்றுள் ஒன்றைச் சிறு துண்டுகளாக்கி, மஞ்சள், மல்லி, சீரகம், சிறு வெங்காயம், அரத்தை, எலுமிச்சைப்புல், சர்க்கரை, உப்பு ஆகியவற்றை அரைத்த விழுதிலே ஊற வைப்பர். ஊறிய துண்டுகளைக் குச்சியில் கோப்பர். இன்று மூங்கிற் குச்சியே எங்கும் வழங்குகிறது. முற்காலத்தில் நம் வீட்டுத் துடைப்பத்துக்கு உதவும் தென்னை ஈர்க்கே அதற்கும் உதவியது. நீண்ட ஒடுங்கிய தகர அடுப்பில் கரி கனன்று கொண்டிருக்கும். வியாபாரி ஒரு கையால் விசிறியை வீசிக் கொண்டே, மறு கையால் குச்சிகளைப் புரட்டுவான். எலுமிச்சைப்புல்லின் தண்டை நசுக்கித் தூரிகை போலாக்கி, எண்ணெயில் தோய்த்து இறைச்சியின் மேல் தடவுவான். கொழுப்பு உருகிக் கரியில் சொட்ட, எழுகின்ற புகைதான் சாத்தேக்கு உயிர். அந்தப் புகையை வேறெந்தச் சாதனமும் தராது.

உடன் வருவது நிலக்கடலைக் குழம்பு. வறுத்துக் கரகரப்பாக இடித்த கடலையோடு மிளகாய், புளி, தேங்காய்ப் பால், தென்னை வெல்லம் சேர்த்துக் காய்ச்சுவர். தென்னங்குருத்து ஓலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசியிட்டு வேக வைத்த கட்டிச் சோறும், வெள்ளரிக்காயும், பச்சை வெங்காயமும் பக்கத்தில் வைக்கப்படும். உண்டு முடித்தபின் வெறுங்குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவதே பழைய வழக்கம். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரையொருவர் நம்பிச் செய்த வியாபாரம் அது.

இனிச் சாட்சிகளை விசாரிப்போம்.

முதற் சாட்சி நிலக்கடலை. அதன் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் உலகைச் சுற்றத் தொடங்கிய பின்னரே அது கீழை நாடுகளுக்கு வந்தது. மலாய் மொழியில் அதன் பெயர் 'காச்சாங் தானா'. மண்ணின் பயறு என்பது பொருள். நாமும் நிலக்கடலை என்றே பெயரிட்டோம். இரு மக்களும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பெயரை வைத்தது வியப்பானது. தென்னாற்காட்டுப் பக்கத்துக் குடியானவர் மணிலாக் கொட்டை என்று சொல்லும் பெயரோ, அது பிலிப்பைன் தீவுகளின் வழியே வந்த பாதையைக் காட்டுகிறது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பொருளே. இவ்விரண்டும் இல்லாமல் அந்தக் குழம்பு இல்லை. ஆகவே, குழம்பு அநாதி காலமாக எங்களுடையது என்று எவர் வாதித்தாலும், அந்த வாதம் இச்சாட்சியின் முன் நிற்காது.

இரண்டாவது சாட்சி, இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடும் முறை. நெருப்பைக் கண்ட மக்கள் பலரும் இதனை அறிந்திருப்பர். ஆனால், நாம் இன்று காணும் சாத்தே, அராபிய, இந்திய முஸ்லிம் வணிகர்களும் குடியேறியவர்களும் கொணர்ந்த கபாப் முறையைக் கண்டு, 19-ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் தெரு வியாபாரிகள் தம் நாட்டுக்கேற்ப உருவாக்கியது என்பது உணவு வரலாறு எழுதுவோர் பலரின் கருத்து. கபாபில் இல்லாத சிறு துண்டும், ஈர்க்கும், இனிப்பும், தேங்காயும் ஜாவாவின் கைவண்ணம்.

மூன்றாவது சாட்சியாக வருவது பெயர். சாத்தே என்பது 'சதை' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என்று சிலர் எழுதியுள்ளனர். மூன்று துண்டு எனப் பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டுமே ஐயமற நிறுவப்பட்டவை அல்ல. கடை, கப்பல், கறி ஆகிய நம் சொற்கள் மலாய் மொழியில் கெடாய், கப்பால், காரி என்று குடியேறியிருப்பது உண்மை. ஆதலால் 'சதை' சென்றிருக்கவும் கூடும். ஆனால் 'கூடும்' என்பதை வைத்துக் கொண்டு எந்த நியாயஸ்தலத்திலும் தீர்ப்புப் பெற முடியாது. மேலும், பெயர் என்பது நம்பத் தகுந்த சாட்சியும் அன்று. நம் புளியை மலாய்க்காரர் 'அசாம் ஜாவா' என்பர். ஜாவாவின் புளிப்பு என்பது பொருள். அராபியரோ அதனை இந்தியப் பேரீச்சை என்றனர். அம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா! நம் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசியின் பெயரும் 'ஜாவா அரிசி' என்பதன் மரூஉ என்பர். அதற்காக நம் வீட்டுப் பாயசத்தின் மேல் ஜாவாக்காரர் தாவா கொண்டு வருவதுண்டோ? மணிமேகலை பேசும் சாவக நாட்டோடு நமக்குள்ள உறவு நெடியது. அந்த உறவைக் கொடுக்கல் வாங்கலாகக் கருதுவதே அறிவுடைமை. கடன் பத்திரமாகக் கருதுவது சிறுமை.

மூலப் பத்திரம் எவரிடமும் முழுமையாக இல்லை என்பது இதனால் விளங்கும். மூலப் பத்திரம் இல்லாத இடத்தில் சட்டம் வேறொன்றைப் பார்க்கிறது. நிலத்தை நெடுங்காலம் உழுது, காத்து, அனுபவித்தவன் யார் என்று கேட்கிறது. இதனை அனுபவ பாத்தியதை என்பர். சாத்தேயை நெடுங்காலம் உழுது காத்தவர் யார்?

ஜாவாவின் கிழக்கே, சுரபாயா நகருக்கு எதிரே மதுரா என்றொரு தீவு இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையும் வறண்ட மண்ணும் உடைய அந்தத் தீவு, தன் மக்கள் அனைவருக்கும் சோறிட வல்லதன்று. அதனால் அவர்கள் பிழைப்புத் தேடி ஜாவாவின் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோளிலே காவடி போல் ஒரு கம்பு. அதன் ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் இறைச்சியும் குழம்பும். இவ்வாறு தெருத்தெருவாகச் சென்று அவர்கள் விற்ற 'சாத்தே மதுரா'வே, கடலைக் குழம்பும் இனிப்புச் சோயாச் சாறும் சேர்ந்து, அந்நாட்டில் பெரும் புகழ் பெற்றது. வறுமை துரத்திய மக்களே அவ்வுணவை வீதிதோறும் பரப்பினர்.

இடத்துக்கு இடம் அதன் உருவமும் மாறியது. மேற்குச் சுமத்திராவின் பாடாங் சாத்தேயில் கடலையே இல்லை. அரிசி மாவு சேர்த்த மஞ்சள் நிறக் குழம்பே உண்டு. பாலித் தீவில் மீனையோ பன்றி இறைச்சியையோ கொத்தித் தேங்காயோடு பிசைந்து குச்சியின் மேல் அப்பிச் சுடுவர். மலேசியாவில் செலாங்கூரிலுள்ள காஜாங் நகரின் பெயரைச் சொன்னாலே சாத்தேதான் நினைவுக்கு வரும். தாய்லாந்தில் வெள்ளரிக்காய் ஊறுகாயுடன் பன்றி சாத்தே உண்பர்.

அதற்கு அப்பாலும் சாத்தே சென்றது. ஆனால் சென்ற விதம் மகிழ்ச்சிக்குரியதன்று. டச்சுக் கம்பெனியார் தீவுகளிலிருந்து அடிமைகளாகவும் அரசியற் கைதிகளாகவும் தென்னாப்பிரிக்காவின் முனைக்குக் கொண்டு சென்றவர்களின் வழியே அங்கே 'சொசாட்டி' என்னும் உணவு பிறந்தது. இலங்கைக்குப் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் சந்ததியாராகிய மலாய் மக்கள் இன்றும் தங்கள் வீடுகளில் சாத்தே சமைக்கின்றனர். தென் அமெரிக்காவின் சூரினாமுக்கு 1890 முதல் 1939 வரை ஏறக்குறைய 33,000 ஜாவா மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அதே சூரினாமின் கரும்புத் தோட்டங்களுக்கு, அவர்களுக்கு முன்பே 1873 முதல், இந்தியாவிலிருந்தும் கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர் என்பதை நாம் மறக்கலாகாது. நாட்டை இழந்தவன், மொழியையும் மெல்ல இழந்தவன், உணவை மட்டும் விடாமல் பிடித்துக் கொண்டான். நிலக்கடலை பிறந்த கண்டத்துக்கே, ஜாவாவின் குழம்பாகிக் கடலை திரும்பிச் சென்றது இவ்வாறுதான்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே ஹொய் ஹாவ் சாலையில் சாத்தே கிளப் என்று பெயர் பெற்ற கடைவரிசை இருந்தது. குட்டை முக்காலிகளில் பணக்காரனும் கூலியும் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்ட இடம் அது. 1970-ஐ ஒட்டி அக்கடைகள் எஸ்பிளனேடு கடற்கரைக்கு மாற்றப்பட்டன. 1995-இல் அதுவும் மூடப்பட்டது. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் சர்க்கார் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து, 1986-க்குள் அவர்களைக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள அங்காடி நிலையங்களுக்கு மாற்றினர். சுகாதாரத்தின் பொருட்டு இது அவசியமாக இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. வெறுமனே விரட்டாமல், மாற்றிடம் கொடுத்தது பாராட்டத்தக்கது. ஆயினும், மாற்றிடத்துக்கு எல்லாமும் வந்து சேருவதில்லை. சாத்தே கிளப் மீண்டும் அவ்வாறே கூடவில்லை.

2018-இல் சிங்கப்பூர் தன் தெருவுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்க்க விழைந்தபோது, மலேசியாவில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அதற்கு முன் 2009-இல், மலேசியச் சுற்றுலா அமைச்சர் சில உணவுகள் தம் நாட்டினுடையவை என்று உரிமை பேசியபோது சிங்கப்பூரில் ஆத்திரம் மூண்டது. 2020-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் அளித்தது. கௌரவம் வந்தது, ஆனால் அங்காடி நிலையங்களில் அடுப்பின் முன் நிற்பவர்களின் வயது அறுபதை ஒட்டி நிற்கிறது. பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் புகையில் நிற்க விரும்புவதில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது? விமானத்தின் உயர் வகுப்பில் அதே சாத்தே வெள்ளைத் துணி விரித்துப் பரிமாறப்படுகிறது. தெருவில் விற்பவனிடம் பத்துக் காசு விலை கூடினால் முகம் சுளிப்பவர்கள் நாமே அல்லவா?

இந்த வழக்கில் நமது தீர்ப்பு இதுதான். சாத்தே ஜாவாவில் உருவாகி வளர்ந்தது என்பதைத் தாராளமாக ஒப்புக் கொள்ள வேண்டும். அதற்குரிய மரியாதை அந்நாட்டுக்கே உரியது. அதற்கு மேல் பாத்தியதை பேச உரிமை உள்ளவன், விடியலில் எழுந்து இறைச்சி நறுக்கி, நண்பகலில் குச்சி கோத்து, நள்ளிரவு வரை கரியை விசிறுகிறவன். அவன் மதுராக்காரனாயினும், காஜாங்கினனாயினும், பாரமாரிபோவில் வாழும் கூலியின் பேரனாயினும் உரிமை ஒன்றே. ஓர் உணவு எங்களுடையது என்று ஒரு தேசம் மார்தட்டுமானால், அதனைச் சமைப்பவனுக்கு நிற்க இடமும், நியாயமான வாடகையும், அவன் பிள்ளை அத்தொழிலை ஏற்கத் தக்க வருவாயும் கொடுத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். இவற்றைக் கொடாமல் பெயரை மட்டும் எடுத்துக் கொள்வது அபிமானமாகாது; அபகரிப்பாகும்.

சுகர்ணோ அன்று தெருவோரத்தில் குந்தியிருந்தபோது, சாத்தே யாருடையது என்று கேட்கவில்லை. பசித்தார், கேட்டார், உண்டார். கரி கனன்று கொண்டிருந்ததால்தான் அந்த ஐம்பது குச்சியும் கிடைத்தன. கரியை அணைய விடாமல் காப்பவனைக் காப்பாற்றுவோம். பாத்தியதை பிறகு பேசுவோம்.