புண்ணைக் காயவிடலாமா?

“கட்டைப் பிரிச்சு காத்தாட விடு, தானா காஞ்சிடும்.” முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பல வீடுகளில் இதுதான் வைத்தியம். புண் காய்ந்தால் ஆறிவிட்டதாகவே நினைக்கிறோம். தோலின் கணக்கு வேறு.

1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிகளின் முதுகில் ஆழமில்லாத காயங்களை ஏற்படுத்தி, சிலவற்றைத் திறந்துவிட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. தோல் செல்கள் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்துதான் புண்ணை மூடுகின்றன. நகர அவற்றுக்கு ஈரம் வேண்டும். பக்கு கட்டிவிட்டால் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் இடம்வரை இறங்கி, சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

அந்த ஈரத்தைக் காப்பதுதான் ஹைட்ரோஜெல் கட்டு. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பகுதி நீர், தொட்டால் குளிர்ச்சி, ஆனாலும் ஒழுகி ஓடுவதில்லை. பாலிமர் இழைகளின் வலை நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. உலர்ந்த காஸ் துணியைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் ஒட்டிக்கொண்டு வரும், ரத்தம் கசியும். ஜெல் கட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வலியால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

அதே 1962இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹென் என்ற ஆய்வாளர் இன்னொரு கதவைத் திறந்தார். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்த ஒரு புரதத்தை எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை வழக்கத்துக்குப் பல நாள் முன்பே கண் திறந்தன. தோலை வளரத் தூண்டும் அந்தப் புரதம்தான் ‘மேல்தோல் வளர்ச்சிக் காரணி’. இதற்காக 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் அதைப் புண்ணில் தடவிவிட வேண்டியதுதானே? சர்க்கரை நோயாளியின் ஆறாத புண்ணில் அது எளிதல்ல. அங்கே புரதங்களைத் துண்டாடும் நொதிகள் மண்டிக் கிடக்கின்றன. தடவிய மருந்தையும் அவை தின்றுவிடும். ஜெல்லுக்கு இரண்டாவது வேலை வருவது இங்கேதான். வலைக்குள் ஹெபாரின் போன்ற மூலக்கூறுகளைக் கோத்து, வளர்ச்சிக் காரணியை அவற்றில் பற்றவைத்து, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் கட்டுகளை ஆய்வுக்கூடங்கள் உருவாக்கிவருகின்றன.

மருந்தாகவே வந்துவிட்டதும் உண்டு. ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் வளர்ச்சிக் காரணியைச் சாதாரண செல்லுலோஸ் ஜெல்லில் கலந்த ‘பெகாப்ளெர்மின்’ 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாதப் புண் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனையில், 20 வாரத்துக்குள் முழுமையாக ஆறியவர்கள் 50 சதவீதம். மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 35 சதவீதம். புற்றுநோய் அபாயம் குறித்து 2008இல் சேர்க்கப்பட்ட கடும் எச்சரிக்கை 2018இல் நீக்கப்பட்டது. எனினும் தடவும் இடத்தில் புற்றுக்கட்டி இருந்தால் இன்றும் கூடாது. மேல்தோல் வளர்ச்சிக் காரணி கலந்த ஜெல் இந்தியாவிலேயே தயாராகிறது.

எனக்கு அந்த 35தான் பெரிதாகத் தெரிகிறது. அழுகிய சதையை அகற்றி, புண்மேல் பாரம் படாமல் பார்த்து, ஈரம் காத்ததற்கே மூன்றில் ஒருவருக்கு மேல் குணம் கிடைத்திருக்கிறது. அதைச் செய்யாமல் விலை உயர்ந்த ஜெல்லைத் தடவிக்கொண்டு அதே காலில் நடப்பது வீண்செலவு.

சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் வலித்துச் சொல்லாது; கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், இன்று இரவு அவர் படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். புண் தெரிந்தால், காயட்டும் என்று விடாமல் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.